கிரிப்டோவில் பணம் வாங்கும் வணிகருக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

2010 மே 22 அன்று லாஸ்லோ ஹன்யெச் என்ற மென்பொருளாளர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கிய கதை பலருக்கும் தெரியும். கிரிப்டோவில் பொருள் வாங்கிய முதல் நிகழ்வு என்று ஆண்டுதோறும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத விவரங்கள் இரண்டு. பீட்சா கடைக்கு ஒரு பிட்காயின்கூடப் போகவில்லை. ஜெரமி ஸ்டர்டிவன்ட் என்ற இளைஞர் நடுவில் நின்று பிட்காயினைத் தான் வாங்கிக்கொண்டார், கடைக்கு வழக்கமான பணத்தைக் கொடுத்தார். இன்னொன்று, அந்தப் பத்தாயிரம் பிட்காயினை அனுப்பிய பரிவர்த்தனைக்கே 0.99 பிட்காயின் கட்டணமாகப் போனது.

நடுவில் ஒருவர், நெட்வொர்க்குக்கு ஒரு கட்டணம். இன்றைக்கும் கிரிப்டோவில் பணம் வாங்கும் வணிகரின் செலவுக் கணக்கில் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது. ஆனால் “கார்டுக்கு 3 சதவீதம், கிரிப்டோவுக்கு 1 சதவீதம், மிச்சம் லாபம்” என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை வரியை நம்பி இறங்கும் சிறு வணிகர்களை நினைத்துத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில் கார்டுக் கட்டணத்தைப் பார்த்துவிடலாம். எதற்கு மாற்று என்று தெரிந்தால்தானே மாற்றின் விலை புரியும்? வாடிக்கையாளர் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடம் பிடிக்கும் தொகை மூன்று பேருக்குப் பிரிகிறது. பெரும்பங்கு கார்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது, அதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்குக்கு. மீதி, கடைக்காரரின் கணக்கில் பணத்தைச் சேர்க்கும் வங்கிக்கோ பேமென்ட் கேட்வே என்ற இடைநிலை நிறுவனத்துக்கோ. அமெரிக்காவில் ஸ்ட்ரைப் நிறுவனம் ஆன்லைன் கார்டு விற்பனைக்கு வெளியிட்டிருக்கும் பொதுக் கட்டணம் 2.9 சதவீதமும் அதற்கு மேல் 30 சென்ட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. 2015-இல் வந்த சட்டம் தனிநபர் கார்டுகளின் இன்டர்சேஞ்சை டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம் என்று கட்டிப்போட்டது. அந்த வரம்பு வங்கியின் பங்குக்கு மட்டும்தான், கடைக்காரர் மொத்தமாகக் கட்டுவது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் 3 சதவீதம் என்பது உலகம் முழுக்கப் பொருந்தும் எண் இல்லை. ஓரிடத்தில் மலிவாகத் தெரியும் 1 சதவீத கிரிப்டோ கட்டணம் இன்னோரிடத்தில் கார்டைவிட அதிகமாகிவிடலாம்.

பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2008-இல் வெளியிட்ட பிட்காயின் கட்டுரையின் முன்னுரையே இந்தச் செலவைப் பற்றித்தான் பேசுகிறது. தகராறு வந்தால் நடுவர் வேலை பார்க்க வேண்டியிருப்பதால் வங்கிகளுக்குச் செலவு, அந்தச் செலவால் கட்டணம் ஏறுகிறது, அதனால் சின்னச் சின்னத் தொகைகளை இணையத்தில் அனுப்புவது கட்டுப்படியாகாமல் போகிறது என்பது அவர் வாதம். திருப்பி எடுக்க முடியாத பணம் இருந்தால் இந்த நடுவரே வேண்டாம் என்றார். தீர்வாக அவர் கொண்டுவந்த நெட்வொர்க்கிலேயே சின்னத் தொகைகள் சிக்கித் திணறிய காலம் பின்னால் வந்தது.

இடத்துக்குத்தான் வாடகை

பிட்காயின் நெட்வொர்க் கட்டணம் அனுப்பும் தொகையைப் பார்த்து வருவதில்லை. பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதியும் பிளாக்கில் அந்தப் பரிவர்த்தனை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதில் இடம் சுமார் 10 லட்சம் வர்ச்சுவல் பைட் (இடத்தை அளக்கும் அலகு). அந்த இடத்துக்கு உலகம் முழுவதும் இருப்பவர்கள் ஏலம் கேட்கிறார்கள். அதிகம் கொடுப்பவரின் பரிவர்த்தனையை, பிளாக்கை உருவாக்கும் மைனர் முதலில் எடுத்துக்கொள்கிறார். இன்றைய வாலட்டில் (காயினை வைத்திருந்து அனுப்பும் செயலி) இருந்து போகும் ஒரு சாதாரணப் பரிவர்த்தனை சுமார் 141 வர்ச்சுவல் பைட். ஒரு பைட்டுக்கு 5 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்று ஏலம் போனால் 705 சடோஷி ஆகும், 100 சடோஷி என்று போனால் 14,100. ஒரு பிட்காயின் என்பது பத்துக் கோடி சடோஷி. பத்து டாலர் அனுப்பினாலும் ஒரு கோடி டாலர் அனுப்பினாலும் கட்டணம் இதேதான். கோடிகளுக்கு அது தூசு, பத்து டாலருக்குச் சுமை.

இந்தக் கட்டணத்தைக் கட்டுவது வாங்குபவர், நமக்கென்ன என்று கடைக்காரர் நினைப்பது இயல்பு. பணம் உள்ளே வரும் நேரத்தில் அது சரிதான். அதே பணத்தை வெளியே எடுக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது.

பிட்காயின் வாலட்டில் இருப்பு என்று ஓர் எண் தெரிகிறதே, உள்ளே அப்படி ஓர் எண்ணே கிடையாது. வந்த ஒவ்வொரு தொகையும் தனித்தனிச் சில்லறையாகக் கிடக்கிறது. மொத்தமாக எடுத்து, காயினை டாலராக மாற்றித் தரும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு சில்லறையையும் பரிவர்த்தனையில் தனியாகக் காட்டி, தனியாகக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் 68 வர்ச்சுவல் பைட் இடம் பிடிக்கும். ஒரு கடைக்கு மாதம் 300 பேர், ஆளுக்கு 20 டாலர் வீதம் பிட்காயினில் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 6,000 டாலர். சேர்ந்திருப்பது 300 சில்லறைகள், அவற்றை ஒன்றாக எடுக்க 20,400 வர்ச்சுவல் பைட் வேண்டும். பிட்காயின் விலையைக் கணக்குக்காக 60,000 டாலர் என்று எடுத்துக்கொண்டால், பைட்டுக்கு 5 சடோஷி போகும் அமைதியான நாளில் செலவு சுமார் 61 டாலர். விற்பனையில் 1 சதவீதம். பைட்டுக்கு 100 சடோஷி போகும் நெரிசலான நாளில் அதே வேலைக்குச் சுமார் 1,224 டாலர். விற்பனையில் 20 சதவீதத்துக்கு மேல்!

யாரும் பில் அனுப்பாத செலவு இது. ரசீது இல்லை, கமிஷன் என்று பெயரும் இல்லை, பணத்தை எடுக்கப் போகும் அன்றுதான் தெரியவரும். பீட்சா வாங்கிய அந்தப் பரிவர்த்தனையும் 131 சில்லறைகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டைதான். விவரம் தெரிந்த வணிகர்கள் ஏலம் சரிந்திருக்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் வார இறுதியில், சில்லறைகளை ஒன்றாக்கி வைத்துவிடுகிறார்கள். கடைக்காரருக்காக கிரிப்டோவில் பணம் வாங்கித் தரும் சில கேட்வேக்கள் இந்தச் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டு, நெட்வொர்க் செலவு என்ற பெயரில் வாங்குபவரின் பில்லிலேயே சேர்த்துவிடுகின்றன. அப்போது வாடிக்கையாளர் தன் வாலட் பிடிக்கும் கட்டணம், இன்வாய்ஸில் உள்ள நெட்வொர்க் செலவு என்று இரண்டு முறை கட்டுகிறார். பொருளின் விலையைவிடக் கூடுதலாக ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நெரிசல் என்றால் எவ்வளவு நெரிசல்? 2024 ஏப்ரல் 20 அன்று, மைனர்களுக்குக் கிடைக்கும் புதிய பிட்காயின் பாதியாகக் குறைந்த அதே நாளில், ரூன்ஸ் என்ற புதிய டோக்கன் முறைக்கு ஆட்கள் முண்டியடித்ததால் ஒரு பரிவர்த்தனையின் சராசரிக் கட்டணம் 100 டாலரைத் தாண்டியது. ஒரு நாள் கூத்து என்று அதை ஒதுக்கலாம். 2017-இன் இறுதியில் நடந்ததை அப்படி ஒதுக்க முடியாது.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2016 ஏப்ரலில் பிட்காயினை ஏற்கத் தொடங்கியது. அப்போது ஒரு பரிவர்த்தனைக்கு நெட்வொர்க் கட்டணம் சுமார் 20 சென்ட். 2017 டிசம்பரில் அது 20 டாலரை நெருங்கியதாகச் சொல்லி, பிட்காயினை நிறுத்துவதாக ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. பல விளையாட்டுகளின் விலையே 20 டாலருக்குக் கீழ்தான். அந்த அறிவிப்பில் விளக்கப்பட்டிருந்த இன்னொரு சிக்கலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பரிவர்த்தனை உறுதியாவதற்குள் பிட்காயின் விலை இறங்கிவிட்டால், வந்த பணம் விளையாட்டின் விலைக்குப் போதாது. கூடுதல் பணம் கேட்டால் வாடிக்கையாளர் இன்னொரு முறை நெட்வொர்க் கட்டணம் கட்ட வேண்டும், பணத்தைத் திருப்பித் தந்தாலும் மறுபடி கட்டணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நட்டம். ஸ்ட்ரைப்பும் 2014-இல் தொடங்கிய பிட்காயின் சேவையை 2018 ஏப்ரலில் இழுத்து மூடியது. உறுதியாகும் நேரமும் கட்டணமும் கூடிவிட்டன, வங்கி வயர் பரிமாற்றத்துக்கு ஆகும் செலவே இதற்கும் ஆகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

நடுவில் நிற்பவர் எதை விற்கிறார்?

நெட்வொர்க் கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்தது இல்லை என்றால், கிரிப்டோ கேட்வேக்கள் மட்டும் ஏன் சதவீதத்தில் கட்டணம் கேட்கின்றன? அவை விற்பது பணத்தை அனுப்பும் சேவையை மட்டும் அல்ல என்பதுதான் விடை. விலை ஏறி இறங்கும் அபாயத்தைக் கடைக்காரர் தோளில் இருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சதவீதம்.

செக்-அவுட் திரையில் நடப்பதைக் கவனித்தால் இது விளங்கும். க்யூஆர் கோடு வருகிறது, பக்கத்தில் ஒரு கடிகாரம் பதினைந்து நிமிடத்தில் இருந்து பின்னோக்கி ஓடுகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு விலை பூட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் காயின் விலை 2 சதவீதம் இறங்கினாலும் கடைக்காரருக்கு வர வேண்டிய டாலர் குறையாது, இடைவெளி கேட்வேயின் கணக்கில் விழுகிறது. வாடிக்கையாளர் தன் எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இருந்து நேராக அனுப்ப, எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் கட்டணம் அந்தத் தொகையிலேயே கழிந்து ஐம்பது டாலருக்கு நாற்பத்தொன்பது வந்து நின்றால், அந்தக் குறையை என்ன செய்வது என்று தீர்மானிப்பதும் கேட்வேயின் வேலை. கடிகாரம் ஓய்ந்த பிறகு வந்து சேரும் பணம், தவறான நெட்வொர்க்கில் வந்த பணம், கறுப்புப் பட்டியலில் உள்ள முகவரியில் இருந்து வந்த பணம், வாரக் கடைசியில் வங்கிக்கு அனுப்ப வேண்டிய செட்டில்மெண்ட் எல்லாமே அதே கணக்கில் சேரும்.

2011-இல் தொடங்கிய பிட்பே இந்தத் தொழிலின் மூத்த நிறுவனங்களில் ஒன்று. அதன் கட்டண வரலாறு ஒரு நல்ல பாடம். நீண்ட காலம் 1 சதவீதம் என்பதுதான் அதன் அடையாளம். 2014-இல் கட்டணமே இல்லாத திட்டம் ஒன்றையும் அறிவித்தது, அது நிலைக்கவில்லை. பின்னர் படிநிலைக் கட்டணம் வந்தது: மாதம் 5 லட்சம் டாலருக்குக் கீழ் விற்பவருக்கு 2 சதவீதமும் பரிவர்த்தனைக்கு 25 சென்ட்டும், அதற்கு மேல் விற்பவருக்குப் படிப்படியாகக் குறைவு. இந்த 25 சென்ட் சின்னதாகத் தெரிகிறது. 10 டாலர் விற்பனையில் அதையும் சேர்த்தால் 45 சென்ட் ஆகிவிடும், அதாவது 4.5 சதவீதம். முன்னே சொன்ன கார்டுக் கட்டணத்தில் அதே விற்பனைக்கு 59 சென்ட். 100 டாலர் விற்பனையில் 2.25 டாலருக்கு எதிராக 3.20 டாலர். கிரிப்டோ மலிவுதான், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. சிறு தொகைகளில் கார்டைப் போலவே இங்கும் நிலையான கட்டணம்தான் ஆளை அடிக்கிறது.

அண்மைக் கால எண்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. 2024 அக்டோபரில் ஸ்ட்ரைப் மீண்டும் கிரிப்டோவுக்குத் திரும்பியது, இம்முறை பிட்காயின் இல்லை, டாலருக்கு நிகரான ஸ்டேபிள்காயின். கட்டணம் 1.5 சதவீதம். 2025 ஜூலையில் பேபால் அறிவித்த கிரிப்டோ சேவைக்கு முதல் ஓராண்டு 0.99 சதவீதம், 2026 ஜூலைக்குப் பின் 1.5 சதவீதம். ஸ்கொயர் நிறுவனம் 2025 நவம்பரில் தன் கடைக்காரர்களுக்கு பிட்காயின் வசதியைக் கொடுத்தபோது 2026 இறுதி வரை கட்டணமில்லை, 2027 தொடக்கத்தில் இருந்து 1 சதவீதம் என்றது. ஆளுக்கொரு தொழில்நுட்பம் வைத்திருந்தாலும் கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது 1 முதல் 1.5 சதவீதத்தில். நெட்வொர்க் மலிவாவதால் இந்த எண் பெரிதாக இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விலை அபாயம், சட்டப்படி செய்ய வேண்டிய சோதனைகள், வங்கித் தொடர்பு ஆகியவற்றின் விலை அது, நெட்வொர்க் வேகமானாலும் அவை குறையாது. இலவசக் காலத்தை நம்பிப் பொருளின் விலையைக் குறைத்துவிடும் வணிகர் அந்தக் காலம் முடிந்ததும் மாட்டிக்கொள்வார்.

சதவீதத்தில் காட்டப்படாத கமிஷன் ஒன்றும் உண்டு. கேட்வே காயினை டாலராக மாற்றும்போது எந்த விலையில் மாற்றுகிறது? சந்தை விலைக்கும் கேட்வே கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை ஸ்ப்ரெட் என்கிறார்கள். அரை சதவீதம்தான் கட்டணம் என்று சொல்லிவிட்டு ஸ்ப்ரெட்டில் ஒன்றரை சதவீதம் எடுத்தால் கணக்கு இரண்டு சதவீதம்தான். இதைச் சோதிப்பது எளிது. நூறு டாலருக்கு ஓர் இன்வாய்ஸ் போட்டு, அதில் கேட்கப்படும் காயின் அளவை எழுதிக்கொள்ளுங்கள். அதே நிமிடம் ஒரு பெரிய எக்ஸ்சேஞ்சில் அந்த அளவு காயினின் மதிப்பு என்ன என்று பாருங்கள். நூறுக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அதுவும் கட்டணமே, உங்கள் வாடிக்கையாளர் கட்டுகிறார்.

தரகரே வேண்டாம் என்றால்

2017-இல் பிட்பே எடுத்த ஒரு தொழில்நுட்ப நிலைப்பாட்டில் கோபம் கொண்ட நிக்கோலா டோரியே என்ற மென்பொருளாளர், அதற்கு மாற்றாக பிடிசிபே சர்வர் என்ற திறந்த மூல மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதை யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம், பணம் நேராகக் கடைக்காரரின் வாலட்டுக்கு வரும், செயலாக்கக் கட்டணம் சுழியம். இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது, எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் சர்வர் வாடகை, பராமரிப்பு, வாலட்டின் ரகசியச் சாவிகளைப் பாதுகாப்பது, முன்னே சொன்ன சில்லறைச் சிக்கல், விலை அபாயம் எல்லாம் கடைக்காரர் தலையிலேயே வந்து சேர்கின்றன. தரகருக்குக் கொடுத்த சதவீதம், இப்போது உங்கள் நேரமாகவும் கவலையாகவும் போகிறது.

சில்லறைச் சிக்கலுக்கு மருந்தாக வந்தது லைட்னிங் நெட்வொர்க். ஜோசப் பூனும் தாடியஸ் ட்ரைஜாவும் 2015-16 காலத்தில் முன்வைத்த திட்டம் இது. இரண்டு பேர் ஒரு தொகையைப் பூட்டி வைத்துத் தங்களுக்குள் ஒரு சேனல் திறந்து, அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பணத்தை நகர்த்தலாம். திறக்கவும் மூடவும் மட்டும் பிளாக்கில் இடம் வேண்டும். பிறரின் சேனல்கள் வழியாகவும் பணம் போகலாம், வழியில் உள்ள கணினிகள் எடுக்கும் கட்டணம் பெரும்பாலும் மிகச் சிறியது, அதுவும் அனுப்புபவர் கணக்கில். கடைக்காரருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. சேனலுக்குள் பணம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்க வேண்டும். கடைக்குப் பணம் வர வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் பணம் நிற்க வேண்டும். நாள் முழுக்க வரவு மட்டும் இருக்கும் கடையில், மாலைக்குள் எல்லாப் பணமும் கடைப் பக்கம் வந்து குடம் நிரம்பிவிடும். அடுத்த வாடிக்கையாளரின் பணம் வர வழியில்லை. குடத்தைக் காலி செய்ய வேண்டும், அல்லது எதிர்ப்பக்கம் பணம் வைத்துக் காத்திருக்க யாருக்காவது கட்டணம் கொடுக்க வேண்டும். லைட்னிங்கில் வணிகர் கட்டும் உண்மையான கட்டணம் இதுதான்.

ஸ்டேபிள்காயினிலும் இப்படி மறைந்து நிற்கும் செலவுகள் உண்டு. எத்தீரியம் நெட்வொர்க்கில் அதன் சொந்தக் காயினான ஈதரை மட்டும் அனுப்ப 21,000 கேஸ் (வேலையை அளந்து கட்டணம் போட உதவும் அலகு) போதும், ஸ்டேபிள்காயின் டோக்கனை அனுப்பச் சுமார் 45,000 முதல் 65,000 வரை ஆகும். 2024 மார்ச்சில் வந்த டென்கன் மேம்படுத்தலுக்குப் பிறகு எத்தீரியத்தின் மேல் கட்டப்பட்ட மேலடுக்கு நெட்வொர்க்குகளில் கட்டணம் சென்ட் கணக்குக்கு இறங்கிவிட்டது, அது பெரிய முன்னேற்றம். புதிதாக இறங்குபவர்கள் திகைத்துப்போகும் இடம் வேறு. டிரான் என்ற நெட்வொர்க்கில் யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினில் பணம் வாங்குகிறார்கள், வாலட்டில் 800 டாலர் தெரிகிறது, எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பப் போனால் போக மறுக்கிறது. கட்டணத்தை யுஎஸ்டிடியில் கட்ட முடியாது, டிரானின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் வேண்டும். பணம் கண்ணெதிரே இருக்கிறது, அசைக்க முடியவில்லை. எத்தீரியத்திலும் வழக்கமான வாலட்டில் இதே நிலைதான், அங்கே ஈதர் வேண்டும். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் புது முகவரி கொடுக்கும் கடையில் இது இன்னும் முற்றுகிறது. எல்லா முகவரிக்கும் கொஞ்சம் டிஆர்எக்ஸ் அனுப்பி, பிறகு அங்கிருந்து யுஎஸ்டிடியை எடுக்க வேண்டும். போதாததற்கு, யுஎஸ்டிடி இதுவரை இல்லாத முகவரிக்கு முதன்முறை அனுப்பினால் டிரானில் சுமார் இரண்டு மடங்கு எனர்ஜி (அங்கே கட்டணம் கணக்கிடும் அலகு) செலவாகும். நல்ல எண்ணத்தில் செய்யும் புது முகவரி ஏற்பாடு, வாடிக்கையாளரின் கட்டணத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

விலை நிலையானது என்பதையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது, தன் கையிருப்பில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் மாட்டியிருப்பதாக யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் சொன்னது. ஒரு டாலர் மதிப்புள்ள காயின் 90 சென்ட்டுக்கும் கீழே போய், சில நாட்களில் மீண்டது. அந்த வார இறுதியில் பீதியில் விற்ற வணிகருக்கு அதுவும் ஒரு கட்டணம்தான்.

இத்தனை சொன்ன பிறகும் கிரிப்டோ சில வணிகர்களுக்கு நல்ல தேர்வுதான். கார்டில் வாங்கியவர் பல வாரம் கழித்துக்கூட வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். இந்த சார்ஜ்பேக் வந்தால் விற்ற பணம் போகும், பொருள் போகும், அதற்கு மேல் ஒரு தண்டக் கட்டணமும் உண்டு. அமெரிக்காவில் ஸ்ட்ரைப் எடுப்பது புகாருக்கு 15 டாலர். மென்பொருள் உரிமம், சர்வர் வாடகை, விளையாட்டுக் கணக்கு போன்றவற்றை வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்பவர்களின் லாபத்தைக் கரைப்பது பெரும்பாலும் இந்தப் புகார்கள்தான். அவர்களுக்கு 1.5 சதவீதம் கட்டித் திருப்ப முடியாத பணத்தை வாங்குவது நியாயமான பேரம். உள்ளூரில் சிறு தொகைக்கு விற்கும், வாடிக்கையாளரை முகம் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கும் கடைக்கு அந்தப் பேரத்தில் கிடைப்பது சொற்பம்.

திருப்ப முடியாத பணம் என்றாலும் பொருள் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர் வந்து நிற்கத்தான் செய்வார். அன்று 100 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கொடுத்தார், பத்து நாளில் அதன் மதிப்பு 115 ஆகிவிட்டது. திருப்பித் தருவது 100 டாலரா, அன்று வாங்கிய அதே அளவு காயினா? விலை 85-க்கு இறங்கியிருந்தால் அவர் கேட்பது மாறிவிடும். பெரும்பாலான கேட்வேக்கள் டாலர் மதிப்பில்தான் திருப்பித் தருகின்றன. எடுத்த கட்டணம் பொதுவாகத் திரும்பாது, அனுப்பும் நெட்வொர்க் கட்டணம் தனி. எந்தக் கணக்கில் திருப்பித் தருவோம், நெட்வொர்க் கட்டணம் யாருடையது என்ற இரண்டு வரியை முதல் இன்வாய்ஸ் போவதற்கு முன்பே செக்-அவுட் பக்கத்தில் எழுதி வைத்துவிட வேண்டும்.